எண்மர் இழுக்கும் தேர் – சார்க் அமைப்பும் அதன் ஆட்சிமுறையும்

"ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்" என்பது பெரியோர் வாக்கு. தேரைத் தனி ஒருவரால் அசைக்க இயலாது. ஆயினும் வடம் பிடித்தவர்களுள் ஒருவர் களைத்துக் கையை எடுத்துவிட்டால் தேர் நின்றுவிடுவதில்லை. மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால், "எண்மர் வடம் பிடிப்போம், எண்மருள் ஒருவர் கையை எடுத்தாலும் தேர் நிற்க வேண்டும்" என்று ஒரு விதி இருந்தால் எப்படி இருக்கும்? அத்தகைய விதியோடு ஓடவும் நிற்கவும் செய்கிற தேர் ஒன்று உண்மையாகவே இருக்கிறது. அதுவே 'சார்க்' எனப்படும் தெற்காசிய வட்டார ஒத்துழைப்புக் கூட்டமைப்பு.

இவ்வாண்டு சமூக அறிவியல் வகுப்பில் இப்பாடம் நடந்துகொண்டிருந்தது. உறுப்பு நாடுகளின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி முடித்த சிஸ்டர், "ஐயம் இருந்தால் கேளுங்கள்" என்றார்கள். கடலோரக் கிராமத்திலிருந்து வரும் எங்கள் தோழி ஒருத்தி எழுந்தாள். "சிஸ்டர், இந்தியாவும் இலங்கையும் இதில் இருக்கின்றனவே! எங்கள் ஊர்ப் படகுகளைப் பிடித்துக்கொண்டு போனால், இந்தச் சார்க்கில் போய் முறையிட முடியாதா?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாயிற்று. சிஸ்டர் உடனே விடை கூறவில்லை. "அந்த அமைப்பின் சாசனத்தைப் படித்துப் பாருங்கள். பிறகு நீங்களே அவளுக்கு விடை சொல்லுங்கள்" என்றார்கள்.

தோழியின் கேள்விக்கு விடை தேடி நாங்கள் படித்தறிந்ததே இக்கட்டுரை.

பிறந்த வரலாறு

தெற்காசிய நாடுகள் ஒன்றுகூடி உழைக்க ஓர் அமைப்பு வேண்டும் என்ற கருத்தை 1980ஆம் ஆண்டில் முன்வைத்தவர் வங்காள தேசத்தின் குடியரசுத் தலைவராக இருந்த ஜியாவுர் ரகுமான் ஆவார். அண்டை நாட்டுத் தலைவர்களுக்கு அவர் இதுபற்றிக் கடிதங்கள் எழுதினார். தம் எண்ணம் நிறைவேறுவதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1981ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் கொலையுண்டார். எனினும் அவர் இட்ட விதை முளைத்தது. 1981 ஏப்ரலில் ஏழு நாடுகளின் வெளியுறவுச் செயலாளர்கள் முதன்முதலாகக் கொழும்பு நகரில் கூடினர். 1983 ஆகஸ்டில் வெளியுறவு அமைச்சர்கள் புதுதில்லியில் கூடினர். இறுதியாக 1985ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் டாக்கா மாநகரில் ஏழு நாடுகளின் தலைவர்களும் சாசனத்தில் கையெழுத்திட்டனர். வங்காள தேசம், பூட்டான், இந்தியா, மாலத்தீவு, நேபாளம், பாகிஸ்தான், இலங்கை என்பவை அந்த ஏழு நாடுகள். 2007ஆம் ஆண்டில் ஆப்கானிஸ்தான் எட்டாவது உறுப்பு நாடாகச் சேர்ந்தது.

முதலில் செயலாளர்கள், பின்பு அமைச்சர்கள், அதன்பின் தலைவர்கள் என்று இவர்கள் படிப்படியாக ஏறி வந்ததை நாம் கவனிக்க வேண்டும். அந்தப் படிகளே பின்னர் அமைப்பின் உறுப்புகளாக நிலைபெற்றன.

அமைப்பின் படிகள்

சார்க் சாசனம் மிகச் சிறியது. அதில் பத்துப் பிரிவுகளே உள்ளன. அமைப்பை ஒரு மாடிப்படியாக எண்ணிக்கொண்டால் எளிதில் நினைவில் நிற்கும்.

மேற்படியில் இருப்பது உச்சி மாநாடு. உறுப்பு நாடுகளின் தலைவர்கள், அதாவது குடியரசுத் தலைவரோ பிரதமரோ மன்னரோ, அங்குக் கூடுகின்றனர். ஆண்டுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்று சாசனம் கூறுகிறது. மாநாடு எந்த நாட்டில் நடைபெறுகிறதோ அந்த நாட்டுத் தலைவரே அமைப்பின் தலைவராக அடுத்த மாநாடு வரை இருப்பார். நம் போன்ற பெண்கள் பள்ளியில் இதையும் சொல்லாமல் விடலாகாது: 1988இல் இஸ்லாமாபாத் மாநாட்டிற்குப் பேநசீர் பூட்டோவும், 1993இல் டாக்கா மாநாட்டிற்குக் கலீதா ஜியாவும், 1998இல் கொழும்பு மாநாட்டிற்குச் சந்திரிகா குமாரதுங்காவும் தலைமை தாங்கினர்.

இரண்டாம் படி அமைச்சர் மன்றம். இதில் வெளியுறவு அமைச்சர்கள் அங்கம் வகிக்கின்றனர். கொள்கைகளை வகுப்பதும், நடந்த பணியைச் சீர்தூக்கிப் பார்ப்பதும், புதிய துறைகளில் ஒத்துழைக்க முடிவு செய்வதும் இவர்கள் கடமை. ஆண்டுக்கு இருமுறை இம்மன்றம் கூட வேண்டும்.

மூன்றாம் படி நிலைக்குழு. வெளியுறவுச் செயலாளர்கள் அடங்கிய குழு இது. எந்தத் திட்டத்தை முதலில் எடுப்பது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும், வேலை ஒழுங்காக நடக்கிறதா என்பவற்றை எல்லாம் பார்ப்பவர்கள் இவர்களே. உச்சி மாநாட்டு மேடையில் ஒளிப்படத்திற்கு நிற்பவர்கள் தலைவர்கள். அவர்கள் கையெழுத்திடும் தாளை ஆயத்தம் செய்பவர்கள் நிலைக்குழுவினர்.

நான்காம் படி தொழில்நுட்பக் குழுக்கள். வேளாண்மை, உடல்நலம், சுற்றுச்சூழல், போக்குவரத்து, பெண்கள் குழந்தைகள் நலம் போன்ற துறைகளின் வல்லுநர்கள் இவற்றில் இருக்கின்றனர். எல்லா நாடுகளும் சேராமல், இரண்டுக்கு மேற்பட்ட சில நாடுகள் மட்டும் சேர்ந்து ஒரு திட்டத்தை நடத்த விரும்பினால், அதற்கெனத் தனிச் செயற்குழு அமைத்துக்கொள்ளவும் சாசனம் இடம் தருகிறது.

இந்தப் படிகளை எல்லாம் இணைக்கும் கைப்பிடி போல இருப்பது செயலகம். 1987ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் அது நேபாளத் தலைநகரான காத்மாண்டுவில் தொடங்கப்பெற்றது. அதன் தலைவர் பொதுச் செயலாளர். உறுப்பு நாடுகளின் ஆங்கிலப் பெயர்களின் அகரவரிசையில் இப்பதவி சுழன்று வருகிறது. வங்காள தேசத்தைச் சேர்ந்த அபுல் அசன் முதற் பொதுச் செயலாளர். 2011ஆம் ஆண்டில் மாலத்தீவைச் சேர்ந்த பாத்திமத் தியானா சயீத் அப்பதவியை ஏற்ற முதற் பெண்மணி ஆனார். பொதுச் செயலாளருக்கு உதவியாக உறுப்பு நாடுகளிலிருந்து இயக்குநர்கள் அனுப்பப்படுகின்றனர்.

பொதுச் செயலாளர் என்றதும், அவர் ஆணையிட நாடுகள் கீழ்ப்படியும் என்று நாங்கள் முதலில் எண்ணினோம். அது தவறு. அவர் கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்யலாம், திட்டங்களை ஒருங்கிணைக்கலாம், நினைவூட்டலாம். எந்த நாட்டிற்கும் கட்டளையிட அவருக்கு அதிகாரம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பாராளுமன்றம் உண்டு. உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் நீதிமன்றம் உண்டு. சார்க் அமைப்பில் இவை இரண்டும் இல்லை. ஒன்றாகச் செய்த முடிவை நிறைவேற்றுவது, அவரவர் நாட்டில் அவரவர் அரசாங்கத்தின் பொறுப்பு.

ஒருமனம் என்னும் விதி

இனிச் சாசனத்தின் பத்தாம் பிரிவுக்கு வருவோம். அளவில் இரண்டே வாக்கியங்கள். ஆனால் அமைப்பின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. முதல் வாக்கியத்தின் கருத்து: எந்தப் படியில் எடுக்கும் முடிவானாலும் ஒருமனதாகவே எடுக்கப்பட வேண்டும். இரண்டாம் வாக்கியத்தின் கருத்து: இரு நாடுகளுக்கிடையே உள்ள பிரச்சினைகளும் சர்ச்சைக்குரிய பிரச்சினைகளும் விவாதத்திற்கு எடுத்துக்கொள்ளப்பட மாட்டா.

இத்தகைய விதியை ஏன் வைத்தார்கள்? வரைபடத்தை விரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். இந்தியா நடுவில் இருக்கிறது. பாகிஸ்தான், நேபாளம், பூட்டான், வங்காள தேசம் ஆகிய நான்கிற்கும் நம்மோடு நில எல்லை உண்டு. ஆனால் அந்த நான்கில் எந்த இரண்டுக்கும் இடையே நில எல்லை இல்லை. மக்கள்தொகையிலோ, மற்ற ஏழு நாடுகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் இந்தியாவே பெரியது. இந்தியாவில் 140 கோடிக்கும் மேற்பட்ட மக்கள். மாலத்தீவில் சில இலட்சம் மக்களே.

இப்போது வாக்கெடுப்பு வைப்பதாக எண்ணிப் பாருங்கள். தலைக்கு ஒரு வாக்கு என்று மக்கள்தொகையின்படி எண்ணினால், எப்போதும் இந்தியா சொன்னதே நடக்கும். "பெரியவன் காலடியில் நாங்கள் ஏன் இருக்க வேண்டும்?" என்று சிறிய நாடுகள் விலகிப் போயிருக்கும். நாட்டுக்கு ஒரு வாக்கு என்று பெரும்பான்மையை எண்ணினால், சிறிய நாடுகள் ஒன்றுசேர்ந்து இந்தியாவைத் தோற்கடிக்கலாம். இந்தியாவுக்கு அந்த அச்சம் உண்டு. ஆகவே, யாரும் யாரையும் தோற்கடிக்க முடியாத ஒருமன விதியே எல்லாருக்கும் ஏற்புடையதாயிற்று. இதனால் மாலத்தீவின் நாற்காலியும் இந்தியாவின் நாற்காலியும் ஒரே உயரம் பெற்றன. இந்த விதி இல்லாவிடில் ஏழு நாடுகளும் 1985இல் ஒரே மேசையில் அமர்ந்திருக்க மாட்டா.

ஆகவே இதைப் பிழை என்று ஒதுக்குவதற்கில்லை. ஒன்றுகூடுவதற்காக இவர்கள் கொடுத்த விலை இது.

விலையின் சுமை

கொடுத்த விலை எவ்வளவு பெரிது என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. ஆண்டுதோறும் கூட வேண்டிய உச்சி மாநாடு, 1985 முதல் 2014 வரையான காலத்தில் 18 முறையே கூடியது. ஒரு நாட்டின் தலைவர் வர மறுத்தாலும் மாநாடு நடைபெறாது என்பதே இதற்குக் காரணம். 18ஆம் மாநாடு 2014 நவம்பரில் காத்மாண்டுவில் நடந்தது. நாடுகளுக்கிடையே வாகனங்கள் ஓடவும் இரயில்கள் ஓடவும் இரண்டு உடன்படிக்கைகள் அங்கே ஆயத்தமாக இருந்தன. உள்நாட்டு நடைமுறைகள் முடியவில்லை என்று பாகிஸ்தான் கூறியதால் அவை கையெழுத்தாகவில்லை. மின்சாரம் முதலிய ஆற்றல் துறை ஒத்துழைப்பு உடன்படிக்கை மட்டும் நிறைவேறியது. மறு ஆண்டு, 2015 ஜூனில், வங்காள தேசம், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கும் சார்க் மேசைக்கு வெளியே தனியாகக் கூடி வாகனப் போக்குவரத்து உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

19ஆம் மாநாடு 2016 நவம்பரில் இஸ்லாமாபாத்தில் நடைபெறுவதாக இருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் காஷ்மீரத்தின் ஊரி என்னுமிடத்தில் இராணுவ முகாம் தாக்கப்பட்டு நம் வீரர்கள் பலர் உயிரிழந்தனர். இந்தியா மாநாட்டில் கலந்துகொள்ள இயலாது என்று அறிவித்தது. வேறு சில நாடுகளும் அவ்வாறே அறிவித்தன. மாநாடு நின்றது. 2014க்குப் பிறகு பத்து ஆண்டுகள் கடந்தும் தலைவர்கள் மாநாட்டிற்கு நேரில் கூடவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்று பரவியபோது மட்டும் காணொளி வழியாகக் கூடிப் பேசினர். அதற்கென ஒரு நிதி ஏற்படுத்த முடிவாகி, இந்தியா ஒரு கோடி டாலர் தருவதாக அறிவித்தது. பாகிஸ்தான் சார்பில் பிரதமருக்குப் பதிலாகச் சுகாதாரத் துறையைக் கவனித்தவர் பங்கேற்றார்.

இவ்வளவு தடைகளுக்கிடையிலும் சார்க் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. 2004இல் கையெழுத்தாகிய தெற்காசியத் தடையிலா வாணிப உடன்படிக்கை 2006இல் நடைமுறைக்கு வந்தது. 2010இல் புதுதில்லியில் தெற்காசியப் பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியது. உறுப்பு நாடுகளின் மாணவர்கள் ஒரே வகுப்பறையில் அமர்ந்து படிப்பதற்கென்றே உண்டான கல்விக்கூடம் அது. திம்புவில் வளர்ச்சி நிதியம் ஒன்றும் நிறுவப்பட்டது.

பெண் குழந்தையும் சார்க்கும்

படித்துக்கொண்டு வருகையில் ஒரு செய்தி எங்களைத் தடுத்து நிறுத்தியது. 1990ஆம் ஆண்டைச் சார்க் 'பெண் குழந்தை ஆண்டு' என்று கொண்டாடியது. அதோடு நில்லாமல் 1991 முதல் 2000 வரையான பத்து ஆண்டுகளையும் 'பெண் குழந்தைப் பத்தாண்டு' என்று அறிவித்தது. பெண் குழந்தையின் உணவு, உடல்நலம், கல்வி ஆகியவற்றை ஏழு நாடுகளும் தம் பொறுப்பாக ஏற்றன. 2002 ஜனவரியில், பெண்களையும் குழந்தைகளையும் தகாத தொழிலில் ஈடுபடுத்தக் கடத்திச் செல்வதைத் தடுக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஆனால் அங்கும் ஒருமன விதி குறுக்கே நின்றது. ஏழாவது நாட்டின் ஒப்புதல் பத்திரமும் வந்து சேர்ந்த பிறகே அது நடைமுறைக்கு வர இயலும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. ஆறு நாடுகள் ஆயத்தமாக இருந்தாலும் ஏழாவதற்காகக் காத்திருக்க வேண்டும்!

எட்டாவது உறுப்பு நாடான ஆப்கானிஸ்தானில் 2021ஆம் ஆண்டு ஆட்சி மாறியது. ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பெண்களுக்குப் பள்ளிக் கதவுகள் அடைக்கப்பட்டன. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவுகளும் அடைக்கப்பட்டன. பெண் குழந்தைப் பத்தாண்டு கொண்டாடிய அமைப்பு இதைத் தட்டிக் கேட்கலாகாதா என்று எங்கள் நெஞ்சு துடித்தது. பிற நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடலாகாது என்பது சாசனத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. நம்மை ஒத்த வயதுடைய அந்தப் பெண்களின் பெயரை அந்த மேசையில் உச்சரிக்க வழியில்லை. சிறிய நாட்டைப் பெரிய நாட்டிடமிருந்து காக்க எழுந்த வேலி, ஒரு நாட்டின் மகளிரை வெளியார் உதவியினின்றும் பிரித்துவிட்டதை எண்ணி வருந்தினோம்.

தோழிக்கு எங்கள் விடை

இனித் தோழியின் கேள்விக்கு வருவோம். மீனவர் பிரச்சினை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே உள்ள இருதரப்புப் பிரச்சினை. ஆகவே பத்தாம் பிரிவின்படி, தொழில்நுட்பக் குழு முதல் உச்சி மாநாடு வரை எந்தப் படியிலும் அதை விவாதத்திற்கு வைக்க முடியாது. 1974, 1976ஆம் ஆண்டுகளின் கடல் எல்லை உடன்படிக்கைகளை இரு நாடுகளும் தமக்குள்ளேயே செய்துகொண்டன. 2016இல் மீன்பிடித் தொழில் பற்றிப் பேசக் கூட்டுப் பணிக்குழு ஒன்றை அமைக்க இசைந்ததும் இரு நாடுகளே. எனவே, "சார்க்கில் முறையிட முடியாதா?" என்பதற்குச் சாசனம் தரும் விடை "முடியாது" என்பதே.

ஆனால் இந்த விடையோடு நாங்கள் நின்றுவிடவில்லை. வரலாறு வேறொன்றையும் காட்டியது. 1986 நவம்பரில் பெங்களூரில் இரண்டாம் உச்சி மாநாடு நடந்தபோது, இராஜீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனாவும் இலங்கைத் தமிழர் பிரச்சினை பற்றித் தனியே பேசினர். 2002 ஜனவரியில் காத்மாண்டு மாநாட்டு மேடையில் பாகிஸ்தானின் முஷாரப் நடந்து வந்து வாஜ்பாயிடம் கைகுலுக்கினார். 2004 ஜனவரியில் இஸ்லாமாபாத் மாநாட்டுக்குச் சென்ற வாஜ்பாய் முஷாரப்புடன் பேசியதன் பயனாக, இரு நாடுகளும் மீண்டும் பேச்சு நடத்துவதாகக் கூட்டறிக்கை வெளியிட்டன. இவற்றுள் ஒன்றேனும் மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் இல்லை. மேசையில் பேச முடியாததைப் பக்கத்து அறையில் பேசினார்கள். ஆனால் பக்கத்து அறைக்குப் போவதற்கும் முதலில் அந்த வீட்டுக்கு வர வேண்டுமல்லவா? மாநாடு கூடாத ஆண்டுகளில் நாம் இழப்பது உடன்படிக்கைகளை மட்டுமன்று. அந்தப் பக்கத்து அறையையும் இழக்கிறோம். படகுகளைப் பற்றி ஒரு வார்த்தை பேச வாய்ப்பிருந்த ஒரு மாலைப் பொழுது இல்லாமலே போய்விடுகிறது.

இதைத் தோழியிடம் சொன்னோம். அவள் சற்று நேரம் யோசித்தாள். "அப்படியானால் அவர்கள் கூட வேண்டும் என்று யார் கேட்க வேண்டும்?" என்றாள். முதற் கேள்வியைவிடப் பெரிய கேள்வி இது!

அதற்கும் விடை சாசனத்திலேயே மறைந்திருப்பதாக எங்களுக்குத் தோன்றுகிறது. சார்க் அமைப்புக்குத் தனி ஆட்சி இல்லை, படை இல்லை, நீதிமன்றம் இல்லை. எண்மரின் மனமே அதன் ஆட்சி. அந்த எண்மரையும் அனுப்பும் நாடுகளில் மக்கள் வாக்களித்து அரசை அமைக்கும் நாடுகள் பல உள்ளன. நம் நாடு அவற்றுள் ஒன்று. இன்னும் ஓரிரு ஆண்டுகளில் எங்கள் கையிலும் வாக்குச் சீட்டு வரும். உள்ளூர்ச் சாலையையும் குடிநீரையும் கேட்பது போலவே, "அண்டை நாடுகளோடு பேசினீர்களா? கையெழுத்திட்டதை நிறைவேற்றினீர்களா?" என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. பெண் குழந்தைக்கென அளித்த வாக்குறுதி காத்மாண்டுச் செயலகத்தின் அலமாரியில் இருக்கிறது. அதை நிறைவேற்ற வேண்டியவர்கள் அவரவர் தலைநகரில் இருக்கிறார்கள். கேட்க வேண்டியவர்கள் நாம்.

தேர் நிற்கிறது என்பதற்காக வடத்தை அறுத்துவிடுவோர் இல்லை. நின்ற தேருக்கு மீண்டும் ஒருநாள் வடம் பிடிக்க வேண்டியிருக்கும். அந்நாளில் வடத்தின் கணக்கு அறிந்தவர்களாக நாம் இருப்போம், தோழியரே!

(வரலாற்றுப் பிரிவு மாணவியர், மேனிலை இரண்டாம் ஆண்டு)